கையெழுத்துப் போட ஆளில்லை என்பதற்காகப் படிப்பு நிற்கக் கூடாது

2024 ஜூன் 24, மாலை 5 மணி. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவருக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. அந்த மணிக்குள் 17,500 ரூபாய் கட்டினால்தான் இடம் உறுதியாகும். அப்பாவுக்குத் தினக்கூலி வேலை. ஒரு நாளைக்கு 450 ரூபாய் என்று அவர்களுடைய வழக்கறிஞர் பிறகு நீதிமன்றத்தில் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தால், கட்ட வேண்டிய தொகை 39 நாள் கூலி. ஊரில் பலரிடம் கேட்டுப் புரட்டி, மாலை 4.45 மணிக்குத்தான் பணம் சேர்ந்தது. இணையதளத்தில் விவரங்களை ஏற்றி முடிப்பதற்குள் ஐந்து மணி ஆகிவிட்டது. இடம் போய்விட்டது.

பிறகு அந்தக் குடும்பம் தட்டாத கதவு இல்லை. தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம், ஜார்க்கண்ட் சட்டப் பணிகள் ஆணையம் என்று அலைந்தார்கள். அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தார்கள். கடைசியாக உச்ச நீதிமன்றம் சென்றார்கள். செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசமைப்புச் சட்டத்தின் 142-வது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அந்த மாணவருக்கு அதே படிப்பில், அதே ஆண்டில் இடம் வழங்கும்படி உத்தரவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐ.ஐ.டி.களில் பட்டியலின மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி. அப்படிப்பட்ட இடமே, முதல் நாள் கட்ட வேண்டிய ஒரு தொகைக்காகக் கை நழுவியது. தனியார் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படிக்கப் போகும் பிள்ளையின் வீட்டில் நிலைமை எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லோராலும் உச்ச நீதிமன்றம் போக முடியாது. ஆனால் எல்லோராலும் பக்கத்து ஊர் வங்கிக் கிளை வரை போக முடியும். அங்கே ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “ஜாமீன் யார் போடுவாங்க?” என்பதுதான். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு கிளைகளானாலும் சரி, செய்யூர், மதுராந்தகம் பக்கத்துக் கிளைகளானாலும் சரி, பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வருகிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் கேள்விக்கு விதிகள் என்ன பதில் வைத்திருக்கின்றன என்று இந்த வாரம் பார்ப்போம்.

மூன்று கையெழுத்து, மூன்று பொருள்

வங்கியில் பேசும்போது மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, இணைக் கடன்தாரர். மாணவரோடு சேர்ந்து அப்பா, அம்மா அல்லது காப்பாளர் போடும் கையெழுத்து இது. பெரும்பாலும் இதைத் தவிர்க்க முடியாது. திருமணமானவர் என்றால் கணவரோ மனைவியோ போடலாம். இதற்குச் சொத்து இருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டு, ஜாமீன்தாரர். வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவர், “இவர்கள் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்” என்று போடும் கையெழுத்து. அரசு ஊழியரைக் கூட்டி வா, சம்பளச் சான்று கொண்டு வா என்று கேட்பது இதற்குத்தான்.

மூன்று, ஈடு. வீட்டுப் பத்திரம், நிலப் பட்டா, வைப்புத்தொகை போன்றவற்றை அடமானமாகக் கொடுப்பது.

இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை நடைமுறைப்படுத்தும்படி 2001-இல் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்தியது. அதன்படி 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடும் வேண்டாம், வெளி ஜாமீனும் வேண்டாம், நம் கையிலிருந்து போட வேண்டிய முன்பணமும் இல்லை. பெற்றோர் கையெழுத்து மட்டும் போதும். 4 லட்சத்துக்கு மேல் போனால் ஜாமீன்தாரர் வேண்டும் என்ற நிலை இருந்தது. 2015-இல் மத்திய அரசு கல்விக்கடன் உத்தரவாத நிதியை ஏற்படுத்திய பிறகு அதுவும் மாறியது. இந்த நிதியின் கீழ் வரும் 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு, வராக்கடனானால் நிலுவையில் 75 சதவீதத்தை வங்கிக்கு அந்த நிதி ஈடுகட்டும். வங்கி ஈடோ வெளி ஜாமீனோ வாங்காமல் இருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை.

சுருக்கமாகச் சொன்னால், 7.5 லட்சம் வரை உங்களுக்கு ஜாமீன்தாரர் ஏற்கெனவே இருக்கிறார். அவர் பெயர் இந்திய அரசு. “ஜாமீன் இல்லாமல் முடியாது” என்று கிளையில் சொன்னால், “உத்தரவாத நிதியின் கீழ் கொடுங்கள்” என்று கேளுங்கள். இந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நம்மிடம் ஏன் பத்திரம் இல்லை

ஈடு கேட்பது எல்லோருக்கும் பொதுவான விதிபோலத் தோன்றும். ஆனால் அதன் சுமை எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர், 1891-இல் அந்த மாவட்டத்து ஆதிதிராவிட மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதன் விளைவாக 1892-இல் சென்னை மாகாண அரசு, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். பட்டியலின மக்களைத் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம் அது. அப்படி இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. மிச்சம் உள்ளதை வைத்திருப்பவர் வங்கிக்குப் போனால், விற்க முடியாத நிலத்தை ஈடாக ஏற்க வங்கி தயங்கும். நம்மைக் காப்பதற்காகப் போட்ட நிபந்தனை, கடன் வாங்கும் இடத்தில் நமக்கு எதிராக நிற்கிறது.

நகரத்திலும் கதை பெரிதாக மாறவில்லை. மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம், பட்டினப்பாக்கம், தியாகராய நகரின் உட்பகுதிகள் என்று தென்சென்னையை நடத்துகிற உழைப்பாளிகள் வாழும் இடங்களில், குடிசை மாற்று வாரியம் 1970 முதல் குடியிருப்புகள் கட்டியது. இன்று அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். அங்கே தலைமுறையாக வாழும் பல குடும்பங்களிடம் இருப்பது ஒதுக்கீட்டு ஆணைதான், கிரயப் பத்திரம் அல்ல. கால்வாய்க் கரையில் இருப்பவர்களிடம் அதுவும் இல்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது அது பொதுத்தேர்வுக் காலம். தேர்வு எழுதப் போன பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பும் என்று தெரியாத நிலையில், அந்த வீட்டின் பத்திரத்தை யாரிடம் கேட்பது?

கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என்று இடம் மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். வங்கிக் கணக்கு பழைய இடத்தில், ஆதார் முகவரி புதிய இடத்தில், கல்லூரி வேறு இடத்தில். “இது எங்கள் எல்லை இல்லை” என்று ஒரு கிளை இன்னொரு கிளைக்குக் கைகாட்டும். இதற்கும் விதி இருக்கிறது. மாணவரின் வீடு கிளையின் சேவைப் பகுதிக்கு வெளியே இருக்கிறது என்பதைக் காரணம் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரில் எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது.

கடனுக்கு முன்னால் கேட்க வேண்டியவை

கடன் என்பது கடைசியில் வர வேண்டியது. இலவசமாகக் கிடைப்பதை முதலில் கேட்டு வாங்கிவிட்டு, மிச்சத்துக்குத்தான் கடன். இந்த வரிசை மாறினால், அரசு கட்ட வேண்டிய பணத்துக்கு நாம் வட்டி கட்டிக்கொண்டிருப்போம்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944 முதல் இருக்கிறது. அன்றைய வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் முயற்சியால் வந்தது அது. இன்று குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து உதவித்தொகை கொடுக்கிறது. சுயநிதிக் கல்லூரிகளில் படிப்போருக்குக் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்பதற்கான வழியை 2012-இல் வந்த அரசாணை 92 திறந்தது. சேர்க்கையின்போதே கட்டணம் கேட்டு விரட்டாமல் இருப்பதற்காக, கட்டணமில்லாச் சேர்க்கை அட்டை என்ற ஏற்பாடும் மத்திய வழிகாட்டுதலில் இருக்கிறது.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால், மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேர்வோருக்குக் கட்டணச் சலுகை தனியாக உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் வந்தன.

ஒரு எச்சரிக்கை. இவற்றில் பெரும்பாலானவை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்கே. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுகிறேன், ஸ்காலர்ஷிப் நானே வாங்கித் தருகிறேன் என்று ஜூன் மாதம் ஊருக்குள் வரும் இடைத்தரகர்களிடம் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள். அசல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது.

கணக்குப் பார்த்துக் கடன்

உதவித்தொகை போக மிச்சம் என்ன? விடுதி, சாப்பாடு, புத்தகம், மடிக்கணினி, தேர்வுக் கட்டணம், பயணம். கல்விக்கடன் இவற்றுக்கும் உண்டு. கட்டணத்துக்கு மட்டும்தான் கடன் என்று நினைத்துக்கொண்டு, விடுதிச் செலவுக்கு மீட்டர் வட்டிக்கு வாங்குகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கந்துவட்டியைத் தடுக்க 2003 முதல் சட்டம் இருந்தும், வீட்டு வாசலில் அது நிற்கவில்லை. அந்தக் கடனைக் காட்டிலும் வங்கிக் கடன் எத்தனையோ மேல்.

வட்டி எப்படி ஓடுகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு ஆண்டுப் படிப்பு, ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐந்து ஆண்டும் வட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, இரண்டாவதுக்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. தனிவட்டியாகக் கூட்டினால் 1 லட்சத்து 40 ஆயிரம். தவணை தொடங்கும் நாளில் 4 லட்சம் 5 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். பத்து ஆண்டுகளில் கட்டுவதானால் மாதத் தவணை சுமார் 7,140 ரூபாய்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழில், தொழில்நுட்பப் படிப்பு படித்தால், அந்த 1 லட்சத்து 40 ஆயிரத்தை மத்திய அரசு கட்டும். வட்டி மானியத் திட்டம் என்ற பெயரில் 2009-10 கல்வியாண்டு முதல் இது நடக்கிறது. அப்போது தவணை 4 லட்சத்துக்கு மட்டும், மாதம் சுமார் 5,290 ரூபாய். மாதம் 1,850 ரூபாய் வித்தியாசம். பத்து ஆண்டுகளில் 2 லட்சத்து 22 ஆயிரம். இந்த மானியம் தானாக வராது. வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே கொடுத்து, “வட்டி மானியத்துக்கு என் பெயரைப் பதிவு செய்துவிட்டீர்களா?” என்று ஒவ்வோர் ஆண்டும் கிளையில் கேட்க வேண்டும். கனரா வங்கிதான் இதற்கான ஒருங்கிணைப்பு வங்கி. ஆனால் நாம் கேட்க வேண்டியது கடன் கொடுத்த கிளையில்.

2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தரவரிசையில் முன்னணியில் உள்ள, தொடக்கத்தில் 860 என்று அறிவிக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்கு ஈடும் இல்லாமல் ஜாமீனும் இல்லாமல் கடன் என்பதே இதன் அடிப்படை. 8 லட்சம் வரை குடும்ப வருமானம் உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களுக்கு இந்தச் சலுகை. வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அதனால் எது அதிகம் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். வருமானம் குறைந்த பட்டியலினக் குடும்பத்துக்குப் பெரும்பாலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் முழு வட்டி மானியமுமே லாபம்.

வங்கிக்கு வெளியே இன்னொரு வழியும் உண்டு. 1974-இல் தொடங்கிய தாட்கோவின் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை செனடாப் சாலையில் இருக்கிறது. மாவட்டம்தோறும் மேலாளர் அலுவலகங்கள் உண்டு. 1989-இல் உருவான தேசியப் பட்டியல் சாதியினர் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் கல்விக்கடன், தமிழ்நாட்டில் தாட்கோ வழியாக வருகிறது. வட்டி வங்கியைவிடக் குறைவு. வருமான வரம்பும் ஜாமீன் நிபந்தனையும் என்ன என்பதை மாவட்ட மேலாளரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலாளர் மறுக்க முடியாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், அது இதுவாக இருக்கட்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் கடன் வசதி பற்றி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுப்பும் முதன்மைச் சுற்றறிக்கையில் ஒரு விதி இருக்கிறது. பட்டியலின விண்ணப்பதாரரின் கடன் மனுவை நிராகரிப்பதானால், கிளை அளவில் நிராகரிக்கக் கூடாது. அதற்கு மேல்நிலையில் உள்ள அதிகாரிதான் செய்ய வேண்டும். காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

அதாவது கிளை மேலாளர் உங்கள் மனுவை வாங்கலாம், பரிசீலிக்கலாம், பரிந்துரைக்கலாம். ஆனால் “முடியாது” என்ற முடிவு அவருடையது அல்ல. நடைமுறையில் என்ன நடக்கிறது? மனு எழுத்தாகவே மாறுவதில்லை. “இப்ப டார்கெட் முடிஞ்சுது”, “அடுத்த வாரம் வாங்க”, “வேற கிளையில கேட்டுப் பாருங்க” என்று வாய்மொழியிலேயே முடிந்துவிடுகிறது. நிராகரிப்பே பதிவாகாதபோது விதி எங்கே வேலை செய்யும்?

ஆகவே நாம் செய்ய வேண்டியது, மனுவை எழுத்தாக்குவது. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் எண்ணும் தேதியும் பதிவாகும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். கல்விக்கடன் முன்னுரிமைத் துறைக் கடன்களில் ஒன்று. அதற்கான மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தர வேண்டியது வங்கியின் கடமை. சாதிச் சான்றிதழ் நகலை மனுவோடு இணைக்க மறக்காதீர்கள். மனுதாரர் பட்டியலினத்தவர் என்று பதிவானால்தான் மேலே சொன்ன விதி உங்களுக்குக் கைகொடுக்கும்.

பதில் வராவிட்டால் வங்கியின் மண்டல அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதுங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் முதல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டம்தான். இணையம் வழியாகவோ கடிதம் மூலமாகவோ புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். மாவட்டத்தில் முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அவர் பெயருக்கு மனு கொடுக்கலாம். மாநில அளவில் வங்கியாளர் குழுவை ஒருங்கிணைப்பது அண்ணா சாலையில் தலைமையகம் கொண்ட இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. சாதியைக் காரணமாக வைத்து அலைக்கழிக்கப்பட்டதாக உணர்ந்தால், தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையமும், 2021-இல் அமைக்கப்பட்ட மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையமும் இருக்கின்றன. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

அப்பாவின் சிபில், மகளின் படிப்பு

இப்போதெல்லாம் ஜாமீன் கேட்பதற்குப் பதிலாக வங்கிகள் சிபில் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனில் இரண்டு தவணை தவறியிருக்கும். அப்பா தவணையில் வாங்கிய இருசக்கர வாகனத்துக்குக் கட்டாமல் விட்டிருப்பார். கொரோனா காலத்தில் வேலை போய் நகைக்கடன் மூழ்கியிருக்கும். இதெல்லாம் பிள்ளையின் மனுவுக்குக் குறுக்கே வந்து நிற்கிறது.

மாதிரிக் கல்விக்கடன் திட்டம் பார்க்கச் சொல்வது, பொதுவாக மாணவரின் எதிர்கால வருமான வாய்ப்பை. பெற்றோரின் வசதியைத் தேவைப்பட்டால் கணக்கில் எடுக்கலாம் என்பது அதற்கு அடுத்ததுதான். 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சிபில் மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மாணவரின் கல்விக்கடன் மனுவை நிராகரிக்கக் கூடாது என்று சொன்னது. மாணவர்கள் நாளை இந்த நாட்டைக் கட்டப் போகிறவர்கள் என்றும் நீதிபதி குறிப்பிட்டார். கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டு வங்கிகளைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் மேல்முறையீட்டு மனுவில் எடுத்துக் காட்டலாம்.

அதோடு நாமும் ஒன்று செய்யலாம். ஆண்டுக்கு ஒரு முறை சிபில் அறிக்கையை இலவசமாகப் பெறும் உரிமை 2017 முதல் இருக்கிறது. பிள்ளை பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போதே பெற்றோர் இருவரின் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். கட்டி முடித்த கடன் முடியாததாகக் காட்டப்பட்டிருந்தால் திருத்த நேரம் இருக்கும். மதிப்பெண் நன்றாக இருக்கும் ஒருவரை, அம்மாவோ அப்பாவோ, இணைக் கடன்தாரராகப் போடலாம். நல்ல சம்பளம் இருந்தால்தான் கையெழுத்துப் போட முடியும் என்று ஒதுங்கும் அம்மாக்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

சென்னைக்கு வரும் பிள்ளைகளுக்கு

1894-இல் கர்னல் ஆல்காட், அடையாறை ஒட்டிய ஊரூரில் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் அது இயங்குகிறது. பாதிரியார் பள்ளிகள் தவிர நம் பிள்ளைகளை உட்கார வைக்கவே பள்ளி இல்லாத காலம் அது. இன்று அதே தென்சென்னையில் சென்னை ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மயிலாப்பூர்க் கடற்கரையில் 1914-இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி இருக்கிறது. வாசலுக்குள் நுழைய இடஒதுக்கீடு வழி செய்தது. உள்ளே நான்கு ஆண்டு தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும்.

சென்னையில் செலவு என்பது பெரும்பாலும் தங்குமிடம்தான். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அறை வாடகையும் மூன்று வேளைச் சாப்பாடும்தான் ஆளை விழுங்கும். சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி போன்ற ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். 2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று அரசு பெயர் சூட்டியது. கல்லூரியில் சேர்ந்த வாரமே விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைக்காவிட்டால், கல்லூரி விடுதிக் கட்டண விவரத்தை வாங்கிக் கடன் மனுவில் சேர்க்க வேண்டும். தியாகராய நகர்த் துணிக்கடையில் நின்று வேலை பார்க்கும் அண்ணனோ அக்காவோ மாதா மாதம் அனுப்பும் பணத்தை மட்டும் நம்பி ஒரு படிப்பைத் தொடங்காதீர்கள். அவர்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

கடன் வெட்கம் அல்ல

“கடன் வாங்கியா படிக்கணும்?” என்று கேட்கும் பெரியவர்கள் நம் ஊர்களில் உண்டு. கடன் பட்டு, அடிமைப்பட்டு, பண்ணையில் கிடந்த தலைமுறையின் அச்சம் அது. அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் வரலாற்றையும் சொல்ல வேண்டும்.

1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றபோது, படித்து முடித்துப் பத்து ஆண்டு பரோடா அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். உதவித்தொகைக் காலம் முடிந்து, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். மீண்டும் 1920-இல் லண்டன் புறப்பட்டபோது அவர் கையில் இருந்தது மூன்று. பேராசிரியர் வேலையில் சேர்த்த சம்பளம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பாத்தேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடன். சொத்து எதுவும் ஈடாக இல்லை. நண்பர் நம்பியது அவருடைய படிப்பை.

கல்விக்கடன் என்பது அந்த நம்பிக்கையை அரசே ஏற்பதாகச் சொல்லும் ஏற்பாடு. அது தானமல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். வேலை கிடைக்கத் தாமதமானால் ஒளிந்துகொள்ளாமல், தவணையைத் தள்ளி வைக்கும்படி வங்கிக்கு எழுத்தில் கேட்க வேண்டும். ஈடில்லாக் கடன்களுக்கு நாம் ஒழுங்காகத் தவணை கட்டினால், நாளைக்கு அதே கிளையில் போய் நிற்கும் நம் தெருப் பிள்ளைக்கு வழி இன்னும் எளிதாகும்.

இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தேர்வு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றையும் இ-சேவை மையத்தில் இப்போதே பதிவு செய்யுங்கள். மாணவருக்கும் பெற்றோருக்கும் பான் அட்டை வாங்குங்கள். ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாணவர் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து ஆதாரை இணையுங்கள். சேர்க்கைக் கடிதம் கையில் கிடைத்த அன்றே கட்டண விவரத்தையும் போனஃபைடு சான்றிதழையும் கல்லூரியில் கேட்டு வாங்கி, அதே வாரத்தில் மனுவைக் கொடுங்கள். ஊரில் படித்த இளைஞர் ஒருவர், இப்படி ஐந்து வீட்டுப் பிள்ளைகளோடு வங்கிக்குப் போய் வந்தாலே போதும். ஜாமீன் போட ஆள் இல்லாத தெருவில், கூட வர ஆள் இருக்கட்டும்.